காலநிலையும் உள்ளூராட்சியும்: யாருடைய பொறுப்பு எது?

கடும் மழை பெய்து, வீதியோர வடிகால் அடைபட்டு, நீர் வாகனத் தரிப்பிடத்தினுள் புகத் தொடங்குகிறது. யாரை அழைப்பீர்கள்? நாற்பது டிகிரி வெப்பத்தில் மின்சாரம் நின்றுபோகிறது. மூன்றாம் மாடியில் எண்பது வயதுத் தாயார் தனியே இருக்கிறார். யாரிடம் சொல்வீர்கள்? வீடு ஒன்றை வாங்கவிருக்கிறீர்கள். அந்த நிலத்தில் வெள்ளம் வரக்கூடுமா என்பது எந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும்?

இம்மூன்று வினாக்களுக்கும் நம்மில் பலர் கூறும் விடை ஒன்றே: "கவுன்சிலைக் கேட்க வேண்டும்." அவ்விடை பாதி சரி, பாதி பிழை. நாம் பேச்சில் கவுன்சில் என்று அழைக்கும் உள்ளூராட்சி மன்றம் எல்லாவற்றையும் செய்யும் அமைப்பன்று. அது பல அமைப்புகளை ஒரே மேசையைச் சுற்றி அமரவைக்கும் அமைப்பு. எது அதன் கையில் இருக்கிறது, எது பிறர் கையில் இருக்கிறது, எது நம் கையில் இருக்கிறது என்று பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஏரி வாரியத்தை அறிந்தவர்கள் நாம்

உள்ளூர் மக்களே உள்ளூர் நீரைக் காப்பது தமிழருக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. ஊர்ச்சபை குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். மழைநீரைச் சேர்ப்பதும் கரையைக் காப்பதும் ஊரின் பொதுக் கடமையாகக் கருதப்பட்டன.

அந்த விதிகளுள் ஒன்று இன்றைய சட்ட மாணவரையும் வியக்கவைக்கும். முன்பு வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. இன்றைய அளவுகோலில் அச்சபையில் குறைகள் பல. நிலமுடைய ஆடவர் மட்டுமே அதில் இடம்பெற முடிந்தது. ஆயினும் பொறுப்பு, காலவரம்பு, கணக்கு என்னும் மூன்றும் உள்ளூராட்சியின் அடித்தளம் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்த மரபு நம்முடையது. ஸ்ட்ராத்ஃபீல்டிலும் நாம் கேட்க வேண்டியவை இம்மூன்றே.

நாம் வாழும் நிலமும் நீரும்

ஸ்ட்ராத்ஃபீல்ட் உள்ளூராட்சிப் பகுதி ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஸ்ட்ராத்ஃபீல்ட், தெற்கு ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ், மேற்கு ஹோம்புஷ் ஆகியவற்றுடன் கிரீனேக்கர், பெல்ஃபீல்ட், சல்லோரா ஆகியவற்றின் சில பகுதிகளும் இதனுள் அடங்கும். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இங்கு சுமார் 45,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பிறந்தவர்கள்.

இப்பகுதியின் தென்புறத்து மழைநீர் குக்ஸ் ஆற்றைச் சேர்கிறது. யகூனாவில் தோன்றும் அச்சிற்றாறு சுமார் 23 கிலோமீட்டர் ஓடி, சிட்னி விமான நிலையத்தின் அருகே பொட்டனி விரிகுடாவில் கலக்கிறது. வடபுறத்து நீர் பவல்ஸ் ஓடை வழியே ஹோம்புஷ் விரிகுடாவுக்கும் பரமாட்டா ஆற்றுக்கும் செல்கிறது. இரு நீரோட்டங்களும் சென்ற நூற்றாண்டில் நெடுந்தொலைவுக்குக் கொங்கிறீட் கால்வாய்களாக மாற்றப்பட்டன. கூரையும் வீதியும் தரிப்பிடமும் பெருகப் பெருக மண் உறிஞ்சும் நீர் குறைகிறது. குறுகிய நேரத்தில் பெய்யும் பெருமழை விரைந்தோடித் தாழ்ந்த வீதிகளில் திடீர் வெள்ளமாகத் தேங்குகிறது.

அண்மைய ஆண்டுகள் இரு முனைகளையும் நமக்குக் காட்டின. 2020 ஜனவரி 4ஆம் நாள் மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் வெப்பம் 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அக்கோடையில் காட்டுத்தீயின் புகை வாரக்கணக்கில் நகரை மூடியிருந்தது. 2022ஆம் ஆண்டிலோ சிட்னி நகர மையத்தில் 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. 1950இல் பதிவாகியிருந்த பழைய உச்சத்தை அது எளிதாகக் கடந்தது. அதே ஆண்டு பெப்ரவரி இறுதியில் மாநிலத்தின் வடகிழக்கிலுள்ள லிஸ்மோர் நகரம் முன்னெப்போதும் கண்டிராத வெள்ளத்தில் மூழ்கியது.

தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயலையும், மட்டக்களப்பைச் சிதைத்த 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும், 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தையும் கண்டவர்களோ, கண்டவர்களின் பிள்ளைகளோ நம்மிடையே இருக்கிறார்கள். பேரிடர் என்றால் என்னவென்று அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்நாட்டில் அதை எதிர்கொள்ளும் ஒழுங்குமுறையே நாம் புதிதாகக் கற்க வேண்டியது.

மூன்று சொற்கள்

மன்றத்தின் ஆவணங்களில் மூன்று கலைச்சொற்கள் மீண்டும் மீண்டும் வரும்.

முதலாவது, தணிப்பு. புவி வெப்பமாவதற்குக் காரணமான வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைத்தல். கட்டடங்களில் சூரிய மின்தகடு பொருத்துதல், உணவுக் கழிவைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் உரமாக்குதல் போன்றவை இதில் அடங்கும்.

இரண்டாவது, தகவமைப்பு. தவிர்க்க இயலாத மாற்றத்துக்கு ஏற்ப வாழ்விடத்தைத் திருத்தியமைத்தல். நிழல் தரும் மரங்களை நடுதல், வடிகாலை அகலப்படுத்துதல், தாழ்நிலங்களில் தரைமட்டத்தை உயர்த்திக் கட்டச் சொல்லுதல் ஆகியன இவ்வகையின.

மூன்றாவது, மீள்திறன். இச்சொல்லை மொழிபெயர்க்கும்போதெல்லாம் சற்றுத் தயங்குவதுண்டு. தாங்குதல், மீளுதல் என்னும் இரண்டு பொருள்களும் மூலச்சொல்லில் உள்ளன. புயலைத் தாங்கி நிற்கும் பனையும் மீள்திறன் உடையது. வளைந்து கொடுத்துப் பின் நிமிரும் நாணலும் மீள்திறன் உடையது. சமூகத்துக்கு இரண்டும் வேண்டும். கட்டடமும் வடிகாலும் தாங்கும் ஆற்றலைத் தரும். அண்டை அயலாரும் நம்பகமான செய்தியும் மீளும் ஆற்றலைத் தரும். முதலாவதைப் பணத்தால் வாங்கலாம். இரண்டாவதை வாங்க இயலாது.

சட்டம் பயன்படுத்தும் மூன்று வினைகள்

சட்ட வாசகத்தைப் படிக்கும்போது பெயர்ச்சொற்களை விட வினைச்சொற்களே முதன்மையானவை. ஓர் அமைப்பு ஒன்றைச் "செய்யலாம்" என்றால் அது அதிகாரம். "செய்தல் தகும்" என்றால் அது நெறி. "செய்ய வேண்டும்" என்றால் அது கடமை. மன்றத்தின் காலநிலைப் பணிகளை இம்மூன்று வினைகளால் பிரித்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும்.

செய்யலாம்: மரம் நடுதல், நூலகத்தை வெப்ப நாள்களில் இளைப்பாறும் இடமாகப் பயன்படுத்துதல், பட்டறைகள் நடத்துதல், தன் வாகனங்களை மின்வாகனங்களாக மாற்றுதல் போன்ற பலவும் மன்றத்தின் விருப்பத் தெரிவுக்கு உட்பட்டவை. இவை பணத்தையும் மக்களின் ஆதரவையும் பொறுத்தவை. மன்றம் நினைத்த அளவுக்குச் சொத்துவரியை உயர்த்தவும் இயலாது. மொத்த வரி வருவாய் ஆண்டுதோறும் எவ்வளவு உயரலாம் என்பதற்கு மாநிலத்தின் சுயாதீனத் தீர்ப்பாயம் ஒன்று வரம்பு விதிக்கிறது.

செய்தல் தகும்: நியூ சவுத் வேல்ஸின் 1993ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம், 8அ பிரிவில், மன்றங்கள் பின்பற்றத் தக்க நெறிகளைக் கூறுகிறது. தம் செயல்கள் வருங்காலத் தலைமுறையினர்மீது நெடுங்காலத்தில் ஏற்படுத்தும் விளைவுகளைக் கருதுதல், சூழலுக்கு ஏற்ற நிலைத்த வளர்ச்சியின் கோட்பாடுகளைக் கருதுதல், ஏனைய மன்றங்களுடனும் மாநில அரசுடனும் ஒத்துழைத்தல் ஆகியன அவற்றுள் சில.

செய்ய வேண்டும்: அதே சட்டத்தின்படி ஒவ்வொரு மன்றமும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கான சமூக வியூகத் திட்டமும், நான்கு ஆண்டுச் செயலாக்கத் திட்டமும், ஓராண்டு நடைமுறைத் திட்டமும் வைத்திருக்க வேண்டும். ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். ஓராண்டுத் திட்டத்தின் வரைவைக் குறைந்தது 28 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைத்து, வரும் கருத்துகளைப் பரிசீலிக்க வேண்டும். காலநிலைப் பணி ஒன்று பேச்சாக நிற்கிறதா, பணமும் காலவரம்பும் கொண்ட வாக்குறுதியாகிறதா என்பதை இத்திட்டங்களில்தான் காணலாம்.

"வேண்டும்" என்னும் வினையின் வலிமைக்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. காட்டுத்தீயால் பாதிக்கப்பட்ட மக்களின் அமைப்பு ஒன்று, மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்துக்கு எதிராக நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. காலநிலை மாற்றத்திலிருந்து சூழலைக் காப்பதற்கான இலக்குகளையும் கொள்கைகளையும் வகுக்கும் சட்டக் கடமை ஆணையத்துக்கு உண்டு என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பளிக்கப்பட்டது. அதன்பின் 2023 ஜனவரியில் ஆணையம் காலநிலைக் கொள்கையையும் செயற்றிட்டத்தையும் வெளியிட்டது. அது மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கன்று. ஆயினும் வீட்டை இழந்த சாதாரண மக்கள் சட்டத்தின் ஒரு வினைச்சொல்லைப் பற்றிக்கொண்டு அரசை அசைத்தனர் என்பது அதன் பாடம்.

பல அடுக்குகள், ஒரே வீதி

ஆஸ்திரேலியாவில் ஆட்சி மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளது. கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் 2022ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டம், 2005ஆம் ஆண்டு அளவை விட வெளியேற்றத்தை 2030க்குள் 43 விழுக்காடு குறைப்பதையும் 2050க்குள் நிகரச் சுழியம் எய்துவதையும் இலக்காக்கியது. நியூ சவுத் வேல்ஸின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2030க்குள் 50 விழுக்காடு, 2035க்குள் 70 விழுக்காடு, 2050க்குள் நிகரச் சுழியம் என்று மாநிலத்துக்கு இலக்கு வகுத்தது. 2022ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அமைக்கப்பட்ட மாநில மீள்கட்டமைப்பு ஆணையம், பேரிடர் வருமுன் இழப்பைக் குறைக்கும் திட்டங்களை வகுக்கிறது. இலக்குகள் மேலே வகுக்கப்பட்டாலும் அவை நடைமுறையில் தொடும் இடம் உள்ளூர் வீதியே.

வெப்பமும் வெள்ளமும் மன்ற எல்லைக் கோட்டைக் கண்டு நிற்பதில்லை. ஆகவே சிட்னிப் பெருநகரின் மன்றங்கள் ஒன்றுசேர்ந்து 2018இல் பெருநகர மீள்திறன் வியூகத்தை வெளியிட்டன. உலகின் நூறு நகரங்களை மீள்திறன் முயற்சியில் இணைத்த பன்னாட்டுத் திட்டத்தின் வழியே அது உருவாயிற்று. அதே நூறு நகரங்களுள் சென்னையும் ஒன்று. சென்னையின் மீள்திறன் வியூகம் 2019இல் வெளிவந்தது. பெருநகரச் சென்னை மாநகராட்சி 2023இல் தன் காலநிலைச் செயற்றிட்டத்தையும் வெளியிட்டது. சிட்னியில் இருக்கும் நாமும் சென்னையில் இருக்கும் நம் உறவினரும் ஒரே பாடத்தின் இரண்டு வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறோம்.

இனி, நம் வீதிக்கே வருவோம். வீதியோர வடிகால் வாய், உள்ளூர்ச் சாலை, பூங்கா, நடைபாதை மரம், குப்பைச் சேகரிப்பு, கட்டட அனுமதி ஆகியன மன்றத்தின் பொறுப்பு. குடிநீர், கழிவுநீர்க் குழாய், பெரிய வடிகால் கால்வாய்களுள் பல சிட்னி வாட்டர் நிறுவனத்தின் பொறுப்பு. மின்கம்பமும் மின்கம்பியும் ஆஸ்கிரிட் நிறுவனத்தைச் சேர்ந்தவை. பரமாட்டா சாலை, லிவர்பூல் சாலை போன்ற பெருஞ்சாலைகள் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு உரியவை. ஒரே தெருமுனையில் நின்றால் நான்கு அமைப்புகளின் உடைமைகள் கண்ணில் படும். தவறான இடத்தில் அளித்த முறையீடு அலைந்து திரிவதற்கு இதுவே காரணம். எது எவருடையது என்று தெரியாதபோது மன்றத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேட்பது முற்றிலும் சரி. ஆனால் உயிருக்கு ஆபத்தான வேளையில் அவ்வழி நீண்டது.

அவசரநிலையில் யார் கட்டளையிடுகிறார்கள்?

1989ஆம் ஆண்டின் மாநில அவசரநிலை, மீட்பு மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளூராட்சிப் பகுதிக்கும், அல்லது ஒன்றிணைந்த சில பகுதிகளுக்கும், உள்ளூர் அவசரநிலை மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். காவல் துறை, தீயணைப்புத் துறை, ஆம்புலன்ஸ் சேவை, மாநில அவசரநிலைச் சேவை, மன்றம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அதில் அமர்ந்து முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். குழுவுக்கு வேண்டிய நிருவாக உதவியை மன்றம் அளிக்கிறது. உள்ளூர் அவசரநிலை நடவடிக்கைக் கட்டுப்பாட்டாளராக இருப்பவர் காவல் துறை அதிகாரி.

ஆபத்து நேரும்போது முன்னின்று நடத்துவது மன்றம் அன்று. வெள்ளத்துக்கும் புயற்சேதத்துக்கும் முதற்பொறுப்பு எஸ்.இ.எஸ். என்று அழைக்கப்படும் மாநில அவசரநிலைச் சேவைக்கு உரியது. சாலையை மூடுதல், விழுந்த மரத்தை அகற்றுதல், மன்றத்தின் மண்டபத்தைத் திறந்துவிடுதல், பின்னர்ச் சிதைபொருள்களை அகற்றுதல் என மன்றம் துணை நிற்கிறது.

ஆகவே இந்த எண்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். உயிருக்கு ஆபத்து: 000. வெள்ளம், புயலால் உதவி: எஸ்.இ.எஸ். 132 500. மின்கம்பி அறுந்தால்: ஆஸ்கிரிட் 13 13 88. குடிநீர், கழிவுநீர்க் குழாய் கோளாறு: சிட்னி வாட்டர் 13 20 90. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனில்: தேசிய மொழிபெயர்ப்புச் சேவை 131 450. 000ஐ அழைப்பவர் போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் என்னும் மூன்றுள் தமக்கு வேண்டியதைச் சொல்லிப் பின் "தமிழ்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் இச்சில சொற்களையேனும் பழக்கிவையுங்கள்.

எச்சரிக்கைகள் நாடு முழுவதும் மூன்று படிகளில் அமைகின்றன. மஞ்சள் நிறம் ஆலோசனை: செய்தியைத் தொடர்ந்து கேளுங்கள். செம்மஞ்சள் நிறம் கவனித்துச் செயற்படுக: நிலைமை மாறுகிறது, இப்போதே ஆயத்தமாகுங்கள். சிவப்பு நிறம் அவசர எச்சரிக்கை: உடனே செயற்படுங்கள். ஹசார்ட்ஸ் நியர் மீ என்னும் மாநிலச் செயலி இவற்றைக் கைப்பேசிக்கு அனுப்பும். வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தியை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பிறருக்கு அனுப்புங்கள்.

ஓசையின்றி வரும் ஆபத்து

வெள்ளத்துக்கு ஓசையுண்டு. தீக்குப் புகையுண்டு. வெப்ப அலைக்கு இரண்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஏனைய இயற்கை இடர்கள் அனைத்தையும் விட வெப்ப அலைகளே மிகுதியான உயிர்களைப் பறித்துள்ளன. முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நீரிழிவும் இதய நோயும் உள்ளோர் எளிதில் பாதிக்கப்படுவர்.

"யாழ்ப்பாணத்து வெயிலைப் பார்த்தவளுக்கு இது என்ன வெயில்?" என்று சொல்லும் மூதாட்டிகள் நம்மிடையே உண்டு. அச்சொல்லில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. அங்கே வேப்பமர நிழலும் திண்ணையும் காற்றோட்டமும் இருந்தன. கூடவே மனிதர் இருந்தனர். இங்கே மூடிய சாளரமும் செங்கற் சுவரும் வெறும் வீடும் இருக்கின்றன. இளமையில் வெயிலைத் தாங்கிய உடல் எண்பது வயதில் அதே உடல் அன்று. உட்கொள்ளும் மருந்துகளுள் சில உடலின் நீர்ச்சமநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதையும் குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வெப்ப நாளில் காலையும் மாலையும் இருமுறை அழைத்துப் பேசுங்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிரூட்டியை நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஹோம்புஷ் ராசெஸ்டர் தெருவிலுள்ள நூலகம் போன்ற குளிரூட்டப்பட்ட பொது இடங்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுக் குழறல், மனக்குழப்பம், மயக்கம் ஆகியன வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அப்போது தாமதியாமல் 000ஐ அழையுங்கள்.

மரத்தை வெட்டுமுன் மன்றத்தின் அனுமதி தேவையா என்று கேட்க வேண்டியதன் காரணமும் இதுவே. முற்றத்து மரம் உங்களுடையது. அதன் நிழல் வீதிக்கும் உரியது.

'நூறாண்டு வெள்ளம்' என்றால் என்ன?

வீடு வாங்குவோர் இப்பகுதியை இருமுறை படிக்கவும். நியூ சவுத் வேல்ஸில் வீட்டு விற்பனை ஒப்பந்தத்துடன், 1979ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 10.7 பிரிவின்கீழ் மன்றம் வழங்கும் திட்டமிடல் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். அந்நிலத்தில் கட்டுவதற்கு வெள்ளம் தொடர்பான கட்டுப்பாடுகள் உண்டா என்பதை அச்சான்றிதழ் தெரிவிக்கும். பக்கங்கள் மிகுதி என்பதால் பலர் அதைப் புரட்டாமலே கையெழுத்திடுகிறார்கள்.

வெள்ள ஆய்வுகளில் "நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்னும் தொடர் முன்பு பெருவழக்காக இருந்தது. ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்று அதைப் பொருள்கொள்வது பெரும்பிழை. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இவ்வாண்டும் அதே வாய்ப்பு உண்டு. கணக்கிட்டுப் பாருங்கள்: முப்பது ஆண்டு வீட்டுக்கடன் காலத்தில் குறைந்தது ஒருமுறையேனும் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. நான்கு குடும்பங்களுள் ஒன்று. எண்பது ஆண்டு வாழ்நாளில் அது பாதியைத் தாண்டுகிறது. காலநிலை மாறும்போது அந்த ஒரு விழுக்காடும் அதே இடத்தில் நிற்கும் என்று கொள்ள முடியாது.

சான்றிதழ் தகவலே தவிர உத்தரவாதம் அன்று. வெள்ள வாய்ப்பைப் பற்றி நன்னம்பிக்கையுடன் அளித்த தகவலுக்காக மன்றத்தின்மீது பொறுப்பு விழாதவாறு உள்ளூராட்சிச் சட்டத்தின் 733ஆம் பிரிவு காக்கிறது. எனவே சான்றிதழைப் படியுங்கள். புரியாததைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கையெழுத்திடுமுன் அந்த முகவரிக்குக் காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு என்று விசாரியுங்கள். கட்டணத்தின் உயரமே சில வேளைகளில் வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லிவிடும்.

அடுக்ககத்தில் வாழ்வோருக்கு

ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட் தொடருந்து நிலையங்களைச் சுற்றி வாழும் நம்மவர் பலருக்குத் தனிக்கூரை இல்லை. கூரை அனைவருக்கும் பொது. அதில் சூரிய மின்தகடு பொருத்துவதற்கும் தரிப்பிடத்தில் மின்வாகன மின்னேற்றி அமைப்பதற்கும் முன்பு சிறப்புத் தீர்மானம் வேண்டியிருந்தது; கால்பங்குக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகளே அதைத் தடுத்துவிடும். 2021 பெப்ரவரி முதல் சட்டம் மாறியுள்ளது. இத்தகைய அமைப்புகளுக்கான தீர்மானத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளுள் பாதிக்கும் குறைவானவை எதிராக இருந்தால் அது நிறைவேறும். உரிமையாளர் கூட்டத்துக்குச் செல்லாமல் இருப்பவர் தம் கூரையைப் பிறர் முடிவுக்கு விட்டுவிடுகிறார்.

வாடகைக்கு இருப்போர் அக்கூட்டத்தில் வாக்களிக்க இயலாது. ஆயினும் தரிப்பிடத்தில் நீர் தேங்குவதையும், உச்சி மாடியில் வெப்பம் மிகுவதையும் எழுத்தில் வீட்டு முகவரிடம் தெரிவிக்கலாம். எழுதப்பட்ட சொல்லுக்கே பின்னர்ச் சான்றுவலிமை உண்டு.

உங்கள் 28 நாள்கள்

மன்றத்தின் ஓராண்டுத் திட்டம் ஜூலை முதல் நாளுக்கு முன் நிறைவேற்றப்பட வேண்டும். ஆகவே அதன் வரைவு பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் பார்வைக்கு வரும். அந்த 28 நாள்களில் எவரும் கருத்துரைக்கலாம். குடியுரிமை தேவையில்லை. சொத்து தேவையில்லை. நல்ல ஆங்கில நடையும் தேவையில்லை. "எங்கள் தெருவில் சென்ற மழையில் இந்த இடத்தில் இவ்வளவு நீர் நின்றது, இந்த வடிகால் திட்டத்தில் இல்லை" என்று தேதியும் படமும் சேர்த்து எழுதிய மூன்று வரிகள், காலநிலையைப் பற்றிய மூன்று பக்கப் பொதுக்கருத்தை விட வலிமை வாய்ந்தவை. பொறியாளரின் வரைபடத்தில் இல்லாத உண்மை அதில் இருக்கிறது.

வாக்காளர் பட்டியலில் உள்ளோர்க்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. கடந்த தேர்தல் 2024 செப்டெம்பரில் நடந்தது. வாக்குக் கேட்டு வருபவரிடம் வடிகாலையும் நிழலையும் பற்றிக் கேளுங்கள். பதவிக்காலத்தின் முடிவில் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். கணக்குக் காட்டாதவரைத் தடுத்த உத்திரமேரூர்ச் சபையின் விதி இங்குச் சட்டத்தில் இல்லை. அதை நடைமுறைப்படுத்தும் ஓலை உங்கள் கையில் இருக்கிறது.

ஒருங்கிணைப்பு என்பதை ஒரு சங்கிலியாகக் கொண்டால் அதன் முதற்கண்ணி தலைநகரில் உள்ளது. இடையில் மாநிலம், மன்றம், மீட்புச் சேவைகள் என்று கண்ணிகள் தொடர்கின்றன. கடைசிக் கண்ணி, ஒரு வீட்டின் மூடிய கதவுக்கும் பக்கத்து வீட்டின் கதவுக்கும் இடையே உள்ள சில அடித் தூரம். எச்சரிக்கை ஆங்கிலத்தில் அக்கதவு வரை வந்து, உள்ளே இருப்பவருக்குப் புரியாமல் திரும்பிப் போனால், மேலே செய்த அத்தனை திட்டமும் அவரைப் பொறுத்தவரை நடக்காததே ஆகும். அந்தக் கண்ணியை எந்தச் சட்டமும் நியமிப்பதில்லை. அது நாமாகவே ஏற்க வேண்டியது.

பயிற்சி

கீழுள்ள வினாக்களுக்குக் குடும்பத்துடன் அமர்ந்து விடை காணுங்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, முதியோரை விடை சொல்லச் சொல்லுங்கள்.

1. உங்கள் வீதியில் விழும் மழைநீர் குக்ஸ் ஆற்றுக்குச் செல்கிறதா, பவல்ஸ் ஓடைக்குச் செல்கிறதா?

2. 000, 132 500, 131 450 ஆகிய மூன்று எண்களுள் எதை எப்போது அழைப்பீர்கள்?

3. உங்கள் வீட்டின் திட்டமிடல் சான்றிதழில் வெள்ளம் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது?

4. "செய்யலாம்", "செய்தல் தகும்", "செய்ய வேண்டும்" என்பவற்றுக்கு மன்றத்தின் பணிகளிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

5. அடுத்த வெப்ப நாளில் நீங்கள் கதவைத் தட்டி நலம் விசாரிக்கவிருக்கும் ஒருவரின் பெயர் என்ன?

ஐந்தாம் வினாவுக்கு விடை தெரியாதவர், இன்று மாலையே பக்கத்து வீட்டின் கதவைத் தட்டலாம்.